படகில் டீசல் ஹீட்டர் மக்கர் செய்தால்: அறிகுறியைப் பார்த்துப் பிழையைப் பிடிப்பது

பாய்மரப் படகில் டீசல் ஹீட்டரைப் புதிதாகப் பொருத்தியவர், முதல் பிழை வந்ததுமே ஸ்க்ரூ டிரைவரை எடுத்துக்கொண்டு ஹீட்டரைத் திறக்கப் போவார். நானும் அதைத்தான் செய்தேன். இரண்டு நாள் போயிற்று, ஒரு கேஸ்கெட் கிழிந்தது, பிழை அப்படியே இருந்தது. யோசித்துப் பார்த்தால் அந்தப் பெட்டியைக் கோத்தவர்கள் அதே வேலையை நாள் முழுக்கச் செய்கிறவர்கள். அதற்குப் போகிற மின்கம்பி, டீசல் குழாய், காற்று வரும் வழி, புகை போகும் வழி எல்லாவற்றையும் இழுத்தது நாம். லாக்கருக்குள் (படகில் சாமான் வைக்கும் அறை) தலைகீழாகத் தொங்கிக்கொண்டு, வாயில் டார்ச்சைக் கவ்விக்கொண்டு, வாழ்க்கையில் முதல் முறையாக. பிழை எங்கே இருக்க அதிக வாய்ப்பு என்று நீங்களே சொல்லுங்கள். அதனால் இங்கே எந்த அறிகுறிக்கும் தேடல் பெட்டிக்கு வெளியேதான் தொடங்கும். பெட்டியைத் திறப்பது கடைசி வேலை.

நான் பேசுவது சூடான காற்றை ஊதுகிற வகையைப் பற்றி. எபர்ஸ்பேச்சர், வெபாஸ்டோ, அவற்றின் சாயலில் வருகிற மலிவு ரகங்கள் எல்லாம் ஒரே விதமாகத்தான் வேலை செய்கின்றன. சொட்டுச் சொட்டாக டீசல் விழுந்து எரிகிற, புகைபோக்கி வைத்த அடுப்பு வகை வேறு. அதில் பெரும்பாலும் ஃபேனும் இருக்காது, டீசலைப் பற்றவைக்கச் சூடேறும் க்ளோ ப்ளக்கும் இருக்காது, அதன் நோய்களும் வேறு.

நன்றாக இருக்கும் ஹீட்டர் எப்படிப் பற்றும்

இது தெரியாமல் பிழை தேட முடியாது. சுவிட்சைப் போட்டதும் ஃபேன் மெதுவாகச் சுற்றும். க்ளோ ப்ளக் சூடேறத் தொடங்கும். 12 வோல்ட் ஹீட்டரில் இந்த நேரத்தில் 8 முதல் 10 ஆம்பியர் வரை இழுக்கும். ஒரு நிமிடத்துக்குள் டீசல் பம்ப் டிக்... டிக்... என்று அடிக்க ஆரம்பிக்கும். அப்புறம் புகைக்குழாய் வழியாக ஒரு சின்ன வெள்ளைப் புகை, தொடர்ந்து 'ஹூம்' என்று ஓர் உறுமல். தீ பிடித்துவிட்டது. ஒன்றிரண்டு நிமிடத்தில் க்ளோ ப்ளக் அணையும், ஃபேன் வேகம் எடுக்கும், டிக் டிக் நெருங்கி வரும், மின்சாரம் 3 ஆம்பியருக்குக் கீழே இறங்கும். அணைக்கும்போது டீசல் உடனே நிற்கும், ஃபேன் மட்டும் சில நிமிடம் ஓடி உள்ளே இருக்கிற சூட்டை வெளியே தள்ளும்.

அந்தச் சில நிமிடத்தில் மெயின் சுவிட்சை அணைப்பவர்கள் இருக்கிறார்கள். சூடு உள்ளேயே தங்கி சென்சாரையும் ஃபேனையும் வேகவைக்கும், எரியாத டீசல் கரியாகும். இதை ஒரு வழக்கமாகவே வைத்திருக்கும் படகில் ஹீட்டர் ஏன் அடிக்கடி பழுதாகிறது என்று தனியாக ஆராய வேண்டியதில்லை.

திரையில் வரும் பிழை எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள், ஆனால் அதையே தீர்ப்பு என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். எபர்ஸ்பேச்சர் ஏர்ட்ரானிக் டி2-வில் 011 என்றால் வோல்டேஜ் குறைவு, 012 என்றால் சூடு அதிகம், 052 என்றால் குறித்த நேரத்துக்குள் தீ பிடிக்கவில்லை. மற்ற ஹீட்டர்களில் எண் மாறும், சங்கதி இதேதான். நோயாளி வயிறு வலிக்கிறது என்று சொல்வதுபோல அது. என்ன தின்றார் என்று நாம்தான் கேட்டு அறிய வேண்டும்.

கேபினில் புகை வாடை, அல்லது எல்லோருக்கும் தலைவலி

இதற்கு மட்டும் ஆராய்ச்சி அப்புறம். ஹீட்டரை அணையுங்கள், ஹேட்சுகளை (மேல்தளத்தில் உள்ள திறப்புகளை) எல்லாம் திறந்துவிடுங்கள், எல்லோரும் மேல்தளத்துக்கு வாருங்கள்.

கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாடையும் இல்லை. தலைவலி, குமட்டல், கிறுகிறுப்பு என்று வரும். படகில் இதில் ஒரு கண்ணி இருக்கிறது: குமட்டினால் அலை ஆட்டம்தான் காரணம் என்று நினைத்து, கீழே போய் படுத்துக்கொள்ளச் சொல்வோம். எந்தக் காற்றில் நஞ்சு இருக்கிறதோ அதற்குள்ளேயே ஆளை அனுப்புகிறோம். நங்கூரம் போட்டு அசையாமல் நிற்கும்போது இரண்டு பேருக்கு ஒரே நேரத்தில் தலை வலித்தாலோ, மேலே வந்து கொஞ்ச நேரத்தில் தெளிந்தாலோ, அலையைக் குற்றம் சொல்லாதீர்கள். தெளியாமல் மயக்கமோ குழப்பமோ தொடர்ந்தால் உடனே மருத்துவ உதவி கேளுங்கள். படுக்கைக்குப் பக்கத்தில் ஒரு கார்பன் மோனாக்சைடு அலாரம் இல்லாமல் ஹீட்டரை ஓட்டவே கூடாது. படகுகளுக்கும் பயண வண்டிகளுக்கும் உரிய தரம் இ.என். 50291-2, வாங்கும்போது அந்த எண்ணையும், சென்சாரின் காலாவதித் தேதியையும் பாருங்கள்.

இனி கசிவைத் தேடலாம். நான் முதலில் சந்தேகப்படுவது சைலன்சரை. வண்டிக்கென்று செய்த சைலன்சரின் அடியில் தண்ணீர் வடிய ஒரு சிறு துளை இருக்கும், தகடுகளை மடித்துச் சேர்த்த ஓரங்களும் முழுக்க அடைபட்டிருக்காது. வண்டிக்கு அடியில் திறந்த வெளியில் அதனால் ஒன்றும் ஆகாது. அதையே காக்பிட் (படகை ஓட்டுபவர் உட்காருமிடம்) லாக்கருக்குள் மாட்டினால் அந்தத் துளை படகுக்குள் புகை விடும். மலிவான ஹீட்டரோடு பெட்டியில் வருவது பெரும்பாலும் இந்த ரகம்தான். காற்றுப் புகாமல் வெல்டு செய்த, படகுக்கென்று விற்கிற சைலன்சரை மாட்டுங்கள், அல்லது சைலன்சரே இல்லாமல் சத்தத்தைப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அடுத்து கிளாம்ப். புகைக்குழாய் ஹீட்டரில் சேருமிடம், சைலன்சரில் சேருமிடம், படகின் உடலைத் துளைத்து வெளியேறும் ஃபிட்டிங். குழாய்மேல் சுற்றிய வெப்பத்துணியைப் பிரித்துப் பார்க்கவேண்டும். கசிவு இருந்தால் துணியின் உள்பக்கம், கிளாம்புக்கு நேராக, விரல் நகம் அளவுக்காவது கரி படிந்திருக்கும். சந்தேகம் தீரவில்லை என்றால், குழாய் ஆறிய பிறகு ஒரு முனையை அடைத்து மறுமுனையில் கைபம்பால் ஊதி, இணைப்புகளில் சோப்புத் தண்ணீர் தடவுங்கள். நுரை கிளம்புகிற இடம் அதுதான்.

புகை வாடை சூடான காற்று வரும் துவாரத்தில் மட்டும் வந்தால் இரண்டு வழி உண்டு. ஹீட்டர் கேபினுக்கு அனுப்பும் காற்றை லாக்கரிலிருந்து எடுக்கிறதா, அங்கே புகை கசிகிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் உள்ளே வெப்பம் மாற்றும் உலோகக் கூடு விரிசல் விட்டிருக்கலாம். அதை ஒட்டிச் சரிசெய்ய முயலாதீர்கள், மாற்றத்தான் வேண்டும். புத்தம் புதிய ஹீட்டர் முதல் முறை ஓடும்போது பூச்சு தீய்கிற வாடை கொஞ்சம் வரும். ஹேட்சைத் திறந்துவைத்து முழு வேகத்தில் ஓட்டினால் போய்விடும். அலாரம் அடித்தால் மட்டும் அது புதுசின் வாடை என்று சமாதானம் சொல்லிக்கொள்ளக் கூடாது.

சுவிட்சைப் போட்டால் எதுவுமே நடக்கவில்லை

ஃப்யூஸ். அப்புறம் ஃப்யூஸ் உட்காரும் கூடு. அப்புறம் கன்ட்ரோலருக்குப் போகும் சிறிய பிளக். மூன்றிலும் பச்சை பூத்திருக்கிறதா என்று பாருங்கள், உப்புக்காற்றில் செம்பு அப்படித்தான் ஆகும். ஏற்கெனவே பலமுறை பற்ற மறுத்திருந்தால், பாதுகாப்புக்காக ஹீட்டர் தன்னைத்தானே பூட்டிக்கொண்டிருக்கலாம். பூட்டை விடுவிக்கும் முறை கையேட்டில் இருக்கும். ஆனால் அது ஏன் பூட்டிக்கொண்டது என்று தெரியாமல் விடுவித்துப் பயனில்லை.

ஃபேன் சுற்றுகிறது, அரை நிமிடத்தில் வோல்டேஜ் பிழை காட்டி நிற்கிறது

பேட்டரியில் மீட்டரை வைத்தால் 12.4 காட்டுகிறது. ஹீட்டர் வோல்டேஜ் போதாது என்கிறது. யார் பொய் சொல்கிறார்கள்? யாருமே இல்லை. ஹீட்டர் பார்ப்பது தன் வாசலுக்கு வருகிற வோல்டேஜை. அதுவும் க்ளோ ப்ளக் 10 ஆம்பியர் இழுக்கிற நேரத்தில்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். பேட்டரியிலிருந்து ஹீட்டர் 5 மீட்டர் தூரம் என்றால் கம்பி 10 மீட்டர், ஏனென்றால் போகவும் வரவும் சேர்த்துத்தான் எண்ண வேண்டும். 2.5 சதுர மி.மீ. செம்புக் கம்பியில் 10 மீட்டருக்குத் தடை சுமார் 0.07 ஓம். 10 ஆம்பியர் ஓடினால் 0.7 வோல்ட் கம்பியிலேயே போய்விடும். பாதி தீர்ந்த பேட்டரி 12.2-இல் இருக்கிறது, சுமை ஏறியதும் 11.9 ஆகிறது, கம்பி 0.7 தின்றால் 11.2. இனி ஒவ்வோர் இணைப்பும் தன் பங்குக்குக் கொஞ்சம் தின்னும். பெரும்பாலான 12 வோல்ட் ஹீட்டர்கள் சுமார் 10.5-இல் கையை விரித்துவிடும். ஒரே ஒரு துருப்பிடித்த இணைப்பு போதும் அங்கே இறங்க. அதே தூரத்துக்கு 6 சதுர மி.மீ. போட்டிருந்தால் இழப்பு 0.3-க்கும் கீழே.

சோதனை எளிது. மீட்டரின் இரண்டு முனைகளையும் ஹீட்டரின் பிளக்கில், பின்பக்கமாகக் கம்பியைத் தொடும்படி செருகுங்கள். ஒருவர் சுவிட்சைப் போட, நீங்கள் எண்ணைப் பாருங்கள். க்ளோ ப்ளக் இழுக்கிற நேரத்தில் 11-க்கு மேலே நின்றால் மின்சாரம் பரவாயில்லை. தடாலென்று விழுந்தால், அதே நேரத்தில் பேட்டரி முனையிலும் ஒருமுறை அளந்து பாருங்கள். அங்கேயும் விழுகிறதென்றால் பேட்டரி தீர்ந்திருக்கிறது, அல்லது கிழடாகிவிட்டது. அங்கே நன்றாக இருந்தால் நடுவில் எங்கோ தின்னுகிறது. பாசிட்டிவ் வழியை மட்டும் பார்த்துவிட்டு விட்டுவிடாதீர்கள். நெகட்டிவ் கம்பி எத்தனை இடத்தில் வேறு கம்பிகளோடு சேர்ந்து, சுற்றி, பேட்டரிக்குப் போகிறது என்று பின்தொடர்ந்து பாருங்கள். நேராகப் பேட்டரிக்கே ஒரு தனிக் கம்பி போட்டுவிடுவது நல்லது.

நான் ஹீட்டரைத் திறந்து பாழாக்கிய அந்த இரண்டு நாளின் முடிவு இதுதான். கடைசியில், ஹீட்டர் பற்ற முயன்றுகொண்டிருக்கும்போது தற்செயலாக ஃப்யூஸ் கூட்டின்மேல் கை பட்டது. சுட்டது. ஃப்யூஸ் போகவில்லை, கண்ணுக்கும் ஒரு குறையும் தெரியவில்லை. கழற்றினால் உள்ளே இரண்டு தகடுகளில் ஒன்றின்மேல் பச்சைப் பொடி, பிளாஸ்டிக் ஓரம் லேசாக உருகிப் பழுப்பேறியிருந்தது. 20 ஆம்பியர் ஃப்யூஸ் தாங்கியது, அது உட்கார்ந்த கூடு தாங்கவில்லை. அன்றிலிருந்து, சுமை ஏறியிருக்கும்போது ஒவ்வோர் இணைப்பையும் விரலால் தொட்டுப் பார்ப்பதுதான் என் முதல் சோதனை. சூடாக இருக்கிற இணைப்பில் வோல்டேஜ் போய்க்கொண்டிருக்கிறது.

டிக் டிக் கேட்கிறது, ஆனால் தீ பிடிக்கவில்லை

பம்ப் அடிக்கிறது என்பதால் டீசல் வருகிறது என்று ஆகாது. இந்தப் பம்ப் ஒவ்வோர் அடிக்கும் ஒரு துளியில் ஒரு பங்கைத்தான் தள்ளும். காற்றுக்குமிழி ஒன்று மாட்டிக்கொண்டால், அடுத்த எத்தனையோ அடி அந்தக் குமிழியை அமுக்கி விடுவதிலேயே வீணாகும்.

ஹீட்டருக்குப் போகிற மெல்லிய நைலான் குழாயின் பின்னால் டார்ச்சைப் பிடித்துப் பாருங்கள். குழாய் அரைத் தெளிவாக இருக்கும், டீசல் லேசான மஞ்சளில் தெரியும். குமிழி இருந்தால் அந்த இடம் மட்டும் வெளிறித் தெரியும். டிக் என்றதும் அரை விரற்கடை முன்னால் குதிக்கும், நிற்கும், மறுபடி குதிக்கும். முதல் முறை நிரப்பும்போது குமிழிகள் வருவது இயல்பு. பத்து நிமிடம் கழித்தும் வரிசையாக வந்துகொண்டே இருந்தால், பம்புக்கு முந்தைய பக்கத்தில் எங்கோ காற்றை உறிஞ்சுகிறது. அந்தப் பக்கம் உறிஞ்சும் பக்கம் என்பதால் அங்கே டீசல் வெளியே கசியாது, காற்றுதான் உள்ளே போகும். துடைத்துப் பார்த்து ஈரம் இல்லை, ஆகவே கசிவு இல்லை என்று முடிவு கட்டுவதில் பலர் இப்படித்தான் ஏமாறுகிறார்கள்.

வழக்கமான இடங்கள்: ரப்பர் இணைப்புக்குள் இரண்டு நைலான் முனைகளும் ஒன்றோடொன்று முட்டாமல் இடைவெளி விட்டு நிற்பது (அந்த இடைவெளி ஒரு குமிழிக் கிடங்கு), பிளேடால் அறுக்காமல் கட்டரால் நசுக்கி வெட்டிய முனை, ஃபில்டரின் ஓ-ரிங், டேங்கின் மேல் உறிஞ்சுகுழாய் நுழையுமிடம். நைலானுக்குப் பதிலாக 'இதுவும் குழாய்தானே' என்று பெரிய உள்விட்டம் கொண்ட ரப்பர் ஹோஸைப் போட்டிருந்தால், அதை முழுக்க மாற்றிவிடுங்கள். தள்ளும் பக்கத்தில் உள்விட்டம் 2 மி.மீ. அளவில் இருக்க வேண்டும் என்பதற்குக் காரணம் உண்டு. அகலமான குழாயில் டீசல் மெதுவாக நகரும், குமிழி மேலே ஒட்டிக்கொண்டு நகராமல் பெருத்துக்கொண்டே போகும். ரப்பர் ஒவ்வோர் அடிக்கும் விரிந்து சுருங்கி அளவையும் கெடுக்கும்.

பம்ப் எப்படி மாட்டப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். டீசல் வெளியேறும் முனை மேலே பார்க்க வேண்டும், குறைந்தது 15 டிகிரி சாய்வாவது வேண்டும், நெட்டுக்குத்தாக இருந்தால் இன்னும் நல்லது. படுக்கைவாட்டில் மாட்டினால் குமிழி பம்புக்குள்ளேயே குடியேறிவிடும். படகில் இன்னொரு சிக்கல்: துறையில் 15 டிகிரி சாய்வாக இருந்த பம்ப், படகு அந்தப் பக்கம் சாய்ந்ததும் படுத்துவிடும். நெட்டுக்குத்தாகவே மாட்டுங்கள். பம்ப் உறிஞ்சுவதைவிடத் தள்ளுவதில் கெட்டி, அதனால் டேங்குக்குப் பக்கத்தில் வையுங்கள், ஹீட்டருக்குப் பக்கத்தில் வேண்டாம்.

டீசல் எங்கிருந்து எடுக்கிறீர்கள் என்பதும் முக்கியம். எஞ்சினுக்குப் போகும் டீசல் குழாயில் டி வடிவ இணைப்புப் போட்டு எடுத்தால், எஞ்சின் ஓடும்போது அது ஹீட்டரின் டீசலை இழுக்கும், ஹீட்டர் ஓடும்போது எஞ்சின் குழாயில் காற்று ஏறலாம். ஹீட்டர் ஓடாவிட்டால் குளிரும், அவ்வளவுதான். துறைக்குள் நுழையும்போது எஞ்சின் நின்றால் கதை வேறு. டேங்கில் தனி உறிஞ்சுகுழாய் போடுங்கள். அதன் முனை அடியைத் தொடாமல் 2, 3 செ.மீ. மேலே நிற்கட்டும்; அடியில் தண்ணீரும் சேறும் இருக்கும். அந்தத் தண்ணீருக்கும் டீசலுக்கும் நடுவே வளர்கிற கிருமிப் பாசி ஃபில்டரை அடைத்தாலும் இதே அறிகுறிதான் வரும்.

கண்ணால் பார்த்துத் தீராவிட்டால் அளந்துவிடுங்கள். ஹீட்டர் முனையில் டீசல் குழாயைக் கழற்றி, ஹீட்டரிலிருந்தும் சூடான புகைக்குழாயிலிருந்தும் தள்ளி ஓர் அளவுக் குப்பியில் விடுங்கள். 200 டிக் எண்ணி, எவ்வளவு சேர்ந்தது என்று குறியுங்கள். மூன்று முறை. மூன்றும் ஏறக்குறைய ஒன்றாக இருந்து, கையேட்டில் சொன்ன அளவோடு ஒத்துப்போனால் டீசல் பக்கம் சுத்தம். ஒவ்வொரு முறையும் வேறு வேறாக வந்தால் காற்று. மூன்றும் ஒரே மாதிரி குறைவாக வந்தால் அடைப்பு, அல்லது பம்ப் தேய்ந்துவிட்டது.

இந்தச் சோதனையில் இலவசமாக இன்னொரு வேலையும் நடக்கிறது. பற்றாமல் போன ஒவ்வொரு முயற்சியிலும் கொஞ்சம் டீசல் உள்ளே தேங்கியிருக்கும். இப்போது புது டீசல் குப்பிக்குப் போக, ஃபேனும் க்ளோ ப்ளக்கும் உள்ளே தேங்கியதை உலர்த்தும். வெளியே அடர்த்தியான வெள்ளைப் புகை வரும், சில சமயம் தேங்கிய டீசல் திடீரெனப் பற்றி உறுமும். பயந்து மின்சாரத்தைப் பிடுங்காதீர்கள். ஃபேன் ஓடட்டும், தீயணைப்பான் கையெட்டும் தூரத்தில் இருக்கட்டும், அது எரிந்து முடியும்வரை பக்கத்திலேயே இருங்கள். இப்படித் தேங்காமல் இருக்கத்தான், இரண்டு முறை பற்றவில்லை என்றால் மூன்றாம் முறை சுவிட்சைப் போடாமல் காரணத்தைத் தேடச் சொல்கிறேன்.

பற்றுகிறது, கொஞ்ச நேரத்தில் அணைந்துவிடுகிறது

எத்தனை நிமிடத்தில், எப்படி என்று கவனியுங்கள். உறுமல் தேய்ந்து, திணறி, அணைந்தால் டீசல் போதவில்லை. மேலே சொன்னதற்குத் திரும்புங்கள். நன்றாகச் சூடு கொடுத்துக்கொண்டிருந்துவிட்டுச் சட்டென்று பிழை காட்டி, ஃபேன் மட்டும் வேகமாக ஓடினால் சூடு அதிகமாகிவிட்டது.

சூடு அதிகமாவது ஹீட்டரின் கோளாறு அல்ல, சூட்டைக் கொண்டுபோகக் காற்று போதவில்லை என்று அர்த்தம். 2 கிலோவாட் ஹீட்டருக்கு 60 மி.மீ. டக்ட் (சூடான காற்றைக் கொண்டுபோகும் குழாய்) என்றால், அது வளையாமல் குறைந்த தூரம் போகும் என்ற நினைப்பில் சொன்னது. நாம் அதை எஞ்சினைச் சுற்றி, தடுப்புப்பலகையைத் துளைத்து, படுக்கைக்கு அடியில் நுழைத்து, மூன்று இடத்தில் செங்குத்தாக மடக்கி, படகின் முன்பகுதிவரை இழுக்கிறோம். நடுவில் எங்கோ சாமான் மூட்டை ஒன்று அதன்மேல் உட்கார்ந்து நசுக்கியிருக்கும். கடைசியில் மூடித் திறக்கிற துவாரத்தை யாரோ மூடிவைத்திருப்பார்கள். குறைந்தது ஒரு துவாரமாவது மூடவே முடியாத வகையாக இருக்க வேண்டும், அது முதல் துவாரமாக இருந்தால் நல்லது.

சோதனை: டக்டை ஹீட்டர் வாயிலேயே கழற்றிவிட்டு, எதிரே எதுவும் இல்லாமல் ஓட்டுங்கள். பிழை வரவில்லை என்றால் குற்றவாளி டக்ட்தான். அப்படியும் வந்தால் பின்பக்கம் காற்று உள்ளே வருமிடத்தில் துணியோ கயிற்றுச்சுருளோ அடைத்திருக்கிறதா, சூடான காற்றே சுற்றிவந்து மறுபடி உள்ளே போகிறதா என்று பாருங்கள்.

கறுப்புப் புகை, வெளியே படகின் உடலில் கரிக்கறை

டீசலுக்கு ஏற்ற காற்று கிடைக்கவில்லை. எரிவதற்கான காற்று வருகிற சிறிய குழாயையும் புகைக்குழாயையும் இரண்டு முனைகளிலும் பாருங்கள். வெயில் காலம் முழுக்க ஓடாமல் இருந்த ஹீட்டரில் குளவி மண்கூடு கட்டியிருப்பது நடக்கிற கதைதான். புகைக்குழாயை அலைக்குப் பயந்து அடைப்பான் போட்டு அடைத்துவிட்டு, அதை மறந்துபோவது அதைவிட அதிகம். என் படகில் அந்த அடைப்பான் ஒரு சிவப்புக் கயிற்றில் ஹீட்டர் சுவிட்சின்மேல் தொங்கும். சுவிட்சின்மேல் அது இல்லையென்றால் குழாய்க்குள் இருக்கிறது.

அடைப்பு இல்லாமலும் கரி சேர்ந்தால், நீங்கள் ஹீட்டரை எப்போதும் குறைந்த வேகத்திலேயே ஓட்டுகிறீர்களா? இந்த ரக ஹீட்டருக்கு மெதுவாக எரிவது பிடிக்காது. தீ சின்னதாக இருக்கும்போது உள்ளே முழுச் சூடு வராது, டீசல் அரைகுறையாக எரியும். தினமும் அணைப்பதற்கு முன் கால் மணி நேரம் முழு வேகத்தில் ஓட்டினால் மெல்லிய கரி எரிந்துபோகும். படகுக்குப் பெரிய ஹீட்டர் இருந்தால் நல்லதுதானே என்று தேவைக்கு இரண்டு மடங்கு வாங்கி, அதை எப்போதும் தாழ்வாகவே ஓட்டுகிறவர்களுக்குக் கரி மாதாந்திரச் சந்தாவாக வரும்.

துறையில் நன்றாக ஓடுகிறது, பாய் விரித்து ஓடும்போது மட்டும் பிழை

இந்த அறிகுறி வண்டிக்காரர்களுக்கு வராது, நமக்கே உரியது.

படகு சாய்ந்தால் மூன்று காரியம் நடக்கிறது. டேங்கில் டீசல் ஒருபக்கமாக ஒதுங்கி, பாதிக்குக் கீழே இருக்கும்போது உறிஞ்சுகுழாயின் முனை காற்றில் நிற்கிறது. புகை வெளியேறும் வாய் சாய்ந்த பக்கத்தில் இருந்தால் நீர்மட்டத்துக்கு நெருங்கிவந்து அலையை விழுங்குகிறது. காற்று நேராக அந்த வாய்க்குள் வீசி, ஃபேன் தள்ளும் புகையைத் திரும்பத் தள்ளுகிறது. எதன் வேலை என்று கண்டுபிடிக்க அதிகம் செலவில்லை: அடுத்த முறை பிழை வரும்போது எந்தப் பக்கம் சாய்ந்திருந்தீர்கள், டேங்கில் எவ்வளவு இருந்தது, காற்று எந்தப் பக்கமிருந்து வீசியது என்று மூன்றையும் எழுதிவையுங்கள். நாலைந்து முறையில் விடை தானாக வந்துவிடும்.

அலை என்றால், புகைக்குழாய் வாயிலிருந்து உள்ளே நுழைந்ததும் உயரமாக எழும்பி, வளைந்து, பிறகுதான் ஹீட்டருக்கு இறங்க வேண்டும். அன்னத்தின் கழுத்துபோல. படகின் உடலில் எவ்வளவு உயரத்தில் முடியுமோ அவ்வளவு உயரத்தில் வாயை வையுங்கள். வளைவின் ஹீட்டர் பக்கச் சரிவில் புகையின் ஈரம் குளிர்ந்து தண்ணீராகச் சேரும் என்பதையும் நினைவில் வையுங்கள். அந்தக் குழிவில் துளைபோட்டு வடியவிடும் வண்டி வழக்கம் படகுக்குள் கூடவே கூடாது. இறுக மூடும் வடிகால் திருகு ஒன்றை வைத்து, ஹீட்டர் ஆறிய பிறகு திறந்து வடித்து, உடனே மூடுங்கள்.

காற்று என்றால், எரிவதற்கான காற்றை எங்கிருந்து எடுக்கிறீர்கள் என்று பாருங்கள். கேபினுக்குள்ளிருந்தும் எஞ்சின் அறையிலிருந்தும் எடுக்கக் கூடாது. வெளிக்காற்று தாராளமாக வந்துபோகும் காக்பிட் லாக்கர் பெரும்பாலும் ஒத்துப்போகும். ஆனால் அந்த லாக்கரைக் காற்றுப் புகாமல் இறுக மூடினால் ஹீட்டர் மூச்சுத் திணறும்.

ஹீட்டர் ஓடுகிறது, கேபின் குளிர்கிறது

வெப்பநிலை சென்சார் எங்கே இருக்கிறது? பல ஹீட்டர்களில் அது பெட்டிக்குள்ளேயே, காற்று உள்ளே வரும் பக்கத்தில் இருக்கிறது. பெட்டி லாக்கரில். லாக்கர் சூடாகிவிட்டது, போதும் என்று ஹீட்டர் தாழ்ந்துவிடுகிறது, கேபினில் நீங்கள் கம்பளியோடு உட்கார்ந்திருக்கிறீர்கள். கேபினில் தனியாக ஒரு சென்சார் வைத்தால் தீர்ந்தது. கன்ட்ரோலரிலேயே சென்சார் இருந்தால், அதைச் சூடான காற்று வரும் துவாரத்துக்கு நேரெதிரே மாட்டாமல் இருந்தால் சரி.

மீதிச் சூடு டக்டிலேயே போகிறது. குளிர்ந்த லாக்கர் வழியாக மூன்று மீட்டர் ஓடும் டக்டைக் கையால் தொட்டுப் பாருங்கள். அங்கே சுடுகிறதென்றால் நீங்கள் டீசல் எரித்து லாக்கரைச் சூடாக்குகிறீர்கள். வெப்பக் காப்புச் சுற்றுங்கள். 2.2 கிலோவாட் ஹீட்டர் முழு வேகத்தில் மணிக்கு சுமார் 0.28 லிட்டர் டீசல் குடிக்கும். அதற்கு மேலே அதனிடம் சூடு கிடையாது, எவ்வளவு திட்டினாலும்.

டிக் டிக் தூங்கவிடவில்லை

பழுது இல்லை. பம்பை இறுக்கமான உலோகப் பட்டையால் பலகையில் திருகியிருக்கிறீர்கள், பலகை தவில்போல முழங்குகிறது. ரப்பர் பிடிப்பில் தொங்கவிடுங்கள், குழாயும் எங்கும் பலகையைத் தொடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

எல்லாம் சரிபார்த்தாயிற்று, இன்னும் பற்றவில்லை

இப்போது திறக்கலாம். முதலில் க்ளோ ப்ளக். மீட்டரில் தடை அளந்து கையேட்டோடு ஒப்பிடுங்கள். எதுவுமே காட்டவில்லை என்றால் உள்ளே கம்பி அறுந்துவிட்டது. தடை சரியாக இருந்தாலும் அது உட்காரும் குழிக்குள் இருக்கிற கம்பிவலைச் சல்லடையைப் பாருங்கள். டீசலை நனைத்துப் பரப்பி ஆவியாக்குவது அதுதான். கரி ஏறினால் அது மொறமொறவென்று கறுத்த ஓடாகியிருக்கும். சுரண்டிச் சுத்தம் செய்து மறுபடி போடுகிற பொருள் அல்ல அது, விலையும் பெரிதில்லை, புதிது போடுங்கள். பழையதை இடுக்கியால் இழுக்கும்போது உதிர்ந்த துணுக்கு எதுவும் குழிக்குள் தங்கக் கூடாது. புதியதை வளையாமல், நேராக, அடிவரை தள்ளுங்கள். சல்லடையில் வெட்டுவாய் இருந்தால் அது குழியின் பக்கவாட்டில் உள்ள சிறு துளைக்கு நேராக நிற்க வேண்டும். ப்ளக்கைத் திருகுவதற்கு முன் டார்ச்சை அடித்து அந்தத் துளை மூடாமல் தெரிகிறதா என்று பார்த்துவிடுங்கள், ஏனென்றால் மூடியிருந்தால் இதே பிழை எண் திரும்ப வரும், நீங்கள் மறுபடி கம்பியிலிருந்து தொடங்குவீர்கள்.